சுவர் தேய்த்தலும் தூசி அடக்கலும்

கல்லூரி மலருக்கு எழுதப்புகும் பழைய மாணாக்கர் தம் ஆசிரியப் பெருந்தகையரின் புகழையோ, விளையாட்டுக் களத்திற் கண்ட வெற்றிகளையோ, விடுதிச் சாலையில் நிகழ்ந்த வேடிக்கைகளையோ எடுத்துரைத்தல் மரபு. அம்மரபு நன்று, அது குன்றாது வளர்தல் வேண்டும். எனினும், மலர்க்குழுவினர் எம்மையும் ஒரு கட்டுரை தருமாறு பணித்தபோது, அத்தகைய பெரும் பொருள்களை எம்மினும் வல்லார்க்கு விட்டு, மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். வீட்டுச் சுவரில் நேர்ந்த பழுதை நிரப்பி, உலர்ந்தபின் மணற்கடதாசியால் தேய்க்கும்போது எழுகின்ற தூசியே அப்பொருள்.

இதனை ஒரு கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். 1983ஆம் ஆண்டின் பின்னர் எம் பழைய மாணாக்கருட் பலர் கடல் கடந்து கனடா முதலிய நாடுகளிற் குடியேறினர். அங்கே வீடு வாங்கியோர் அனைவரும் ஒருநாளன்றி ஒருநாள் இத்தூசியை எதிர்கொண்டே தீரவேண்டும். அவர்களுட் சிலர் இதனையே தொழிலாகவும் கொண்டனர். தாயகத்தில் வாழ்வோரும் இப்பொழுது புதுவீடுகளின் சிமெந்துச் சுவருக்குப் புட்டி பூசித் தேய்த்து வர்ணம் தீட்டுகின்றனர். ஆதலின் இது இரு கரையார்க்கும் பொதுவான பொருளேயாம்.

எம் முன்னோர் கட்டிய வீடுகளின் சுவரை நினைவு கூருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் உள்ளது சுண்ணக்கல். அதனை வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினர். அதனையே சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசினர். பூச்சு உதிர்ந்தவிடத்து நனைத்துச் சாந்திட்டு, ஈரம் இருக்கும்போதே கட்டையால் இழுத்து மட்டஞ்செய்தனர். தைப்பொங்கலுக்கோ, வீட்டில் நிகழும் மங்கல காரியத்துக்கோ முன்னர் வெள்ளையடித்தனர். அவ்வேலையிலே தேய்ப்பு என்பது மிகச் சிறிது, ஈரமே பெரிது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீள்வோம்.

வட அமெரிக்க வீட்டுச் சுவரோ வேறு வகையினது. வெளியே செங்கல்லாயினும், உள்ளே மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஜிப்சப் பலகைகளைத் திருகாணியால் இறுக்குவர். 'ட்றைவோல்' என்பது அதன் வழக்குப் பெயர். ஈரச்சாந்து இன்றி எழுப்பப்படுவதால் 'உலர்சுவர்' எனும் பொருளில் அப்பெயர் வந்தது. சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிற்கும். பலகை 4 அடி அகலமும் 8 அடி நீளமும் அரை அங்குலத் தடிப்பும் உடையதாயிருத்தல் வழக்கம். அதன் நடுவே ஜிப்சம்; இருபுறமும் தடித்த கடதாசி. இதன் முன்னோடியான பலகைக்கு 1894ஆம் ஆண்டில் அகஸ்ரின் சாக்கெற் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். எனினும் நெடுங்காலம் மக்கள் ஈரச்சாந்துச் சுவரையே மேலாக மதித்தனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் வீடுகள் விரைவாகவும் பெருந்தொகையாகவும் வேண்டப்பட்டபோதுதான் இப்பலகை எங்கும் பரவியது.

ஜிப்சம் என்பது யாது? கல்சியம் சல்பேற்று நீருடன் கூடிப் பளிங்காகி நிற்கும் கனியமே அது. அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீர். தீப்பற்றும்போது அந்நீர் ஆவியாகி வெளியேறி வெப்பத்தைச் சிறிதுநேரம் தடுத்து நிற்கும். மரவீட்டுக்கு இஃது ஒரு கவசம். அதனை அளவாகச் சூடாக்கி நீரின் பெரும்பகுதியைப் போக்கினால் 'பாரிஸ் சாந்து' கிடைக்கும். பாரிஸ் நகரத்து மொன்மாத்ரக் குன்றில் ஜிப்சம் அகழப்பட்டமையால் வந்த பெயர் அது. மீண்டும் நீர் சேர்ந்தவுடன் அது கல்லாக இறுகும்.

இக்கனியத்தை நாம் கனடாவில் முதன்முதற் கண்டோமல்லேம். வகுப்பறை வெண்கட்டிகள் பலவும் ஜிப்சத்தால் ஆக்கப்படுவனவே. கரும்பலகையைத் துடைத்த துடைப்பானைச் சன்னலுக்கு வெளியே தட்டும்போது எழுந்த வெண்புகையை எம்முள் அறியாதார் யார்? எம் கணித ஆசிரியர் ஒருவர் மட்டும் காய்ந்த துடைப்பானைத் தொடமாட்டார். ஈரத்துணியாலேயே பலகையைத் துடைப்பார். முன்வாங்கில் இருப்போர் இருமாமல் இருந்தது அவர் பாடத்தில் மாத்திரமே. அக்காலத்தில் அதனை அவரது தனிப்பழக்கமென்று எண்ணினோம். அவர் தூசியைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னாரல்லர், செய்துகாட்டினார்.

நிற்க. ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபறோவில் நாம் வாழும் வீடு 1960களிற் கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில், மேல்மாடிக் குளியலறைக் குழாயொன்று கசிந்து, கீழேயுள்ள இருக்கையறையின் உட்கூரையில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் நனைந்து தொய்ந்தது. குழாய் வேலையாள் வந்து கசிவை நிறுத்தினார். உட்கூரைப் பலகையை வெட்டி மாற்றி, பூசி, தேய்க்கவேண்டியதாயிற்று. எம்முடன் வாழும் அம்மாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. நெடுநாளாகத் தொய்வு நோயுடையார். குளிர்காற்றுப் பட்டாலே நெஞ்சு இழுக்கும். ஊது மருந்துக் குழல் எந்நேரமும் அவர் தலையணைக்கருகில் இருக்கும்.

அதற்கு முந்திய ஆண்டில் உறவினர் ஒருவர் வீட்டில் நிகழ்ந்ததை நாம் கண்டிருந்தோம். ஒரு சுவரில் இருந்த சிறு பழுதைத் தேய்க்க வந்த வேலையாள், கதவையும் மூடாமல், வீட்டைச் சூடேற்றும் உலையின் விசிறியையும் நிறுத்தாமல், அரைநாளில் வேலையை முடித்துச் சென்றார். சுவர் கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் அவ்விசிறி தூசியை இழுத்துக் குழாய்வழியே எல்லா அறைகளுக்கும் பரப்பிவிட்டது. சாமியறை விளக்கிலும், சமையலறைச் சட்டியிலும், குழந்தையின் தொட்டிலிலும் வெண்மை படிந்தது. மூன்று கிழமை துடைத்தும் அது முற்றாக அகலவில்லை. அவ்வீட்டில் நோயாளர் எவருமில்லை. எமது வீட்டிலோ இருந்தார். ஆதலின் தேய்க்கத் தொடங்குமுன் இத்தூசி யாதென அறிந்துகொள்ள விரும்பினோம்.

பலகைகளின் மூட்டுக்களையும் பழுதுகளையும் நிரப்பப் பயன்படும் பூச்சுக்களி ஜிப்சத்தால் மட்டும் ஆனதன்று. சுண்ணக்கற்பொடி, மைக்கா, ரால்க் முதலிய பொடிகளும் பசையும் அதிற் கலந்திருக்கும். சிலவற்றிற் சிலிக்காவும் உண்டு. பளிங்குச் சிலிக்காத் தூசியை நெடுங்காலம் சுவாசித்தல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1997இல் வகைப்படுத்தியது. இனி, தூசியின் அளவைக் கருதுவோம். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு மைக்கிரோன் எனப்படும். கண்ணுக்குத் தெரிகின்ற பருந்தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துக்கொள்ளும். 10 மைக்கிரோனுக்குக் குறைந்தவை நெஞ்சுக்குள் இறங்கும். ஏறத்தாழ 4 மைக்கிரோனுக்குக் குறைந்தவை நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லும். தரையில் வெண்மையாகக் கிடப்பது விழுந்துவிட்ட தூசி. அஞ்சவேண்டியதோ விழாமல் காற்றில் மணிக்கணக்காக மிதந்துகொண்டிருக்கும் நுண்தூசி.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. பழைய பூச்சுக்களிகள் பலவற்றில் அஸ்பெஸ்ரோஸ் என்னும் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலிற் புகுந்தால், பல பத்தாண்டுகள் கழிந்தபின்னும் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் 1977இல் அத்தகைய பூச்சுக்களி பொதுமக்களுக்கு விற்கப்படுதல் தடைசெய்யப்பட்டது. கனடாவில் அஸ்பெஸ்ரோசை விலக்கும் பொதுவிதிகள் 2018ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நடைமுறைக்கு வந்தன. வர்ணத்திலே ஈயம் கலந்திருந்ததும் அக்காலத்திலேயே. ஐக்கிய அமெரிக்கா வீட்டு வர்ணத்தில் அதனை 1978இல் தடுத்தது. ஆகவே 1980களுக்கு முற்பட்ட வீடொன்றில், சோதித்து அறியுமுன் எவரும் சுவரைத் தேய்த்தலோ துளைத்தலோ வெட்டுதலோ ஆகாது. நாமும் தகுதிபெற்ற ஒருவரை அழைத்தோம். அவர் உட்கூரையில் நீர் தெளித்து நனைத்து, பூச்சும் பலகையும் வர்ணமும் சிறிது சிறிதாக எடுத்து, பைகளில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

முடிவு வர ஒரு கிழமைக்கு மேலாயிற்று. அக்கிழமை முழுவதும் தொய்ந்த உட்கூரையின் கீழ் எவரையும் இருக்கவிடாமல் அவ்வறையை மூடிவைத்தோம். அம்மா ஒவ்வொரு காலையும் மேல்மாடியிலிருந்து, 'கடிதம் வந்ததோ?' என்று கேட்பார். அஸ்பெஸ்ரோசும் இல்லை, ஈயமும் இல்லை என்று விடை வந்தது. இருக்கிறதென்று வந்திருப்பின், அவ்வேலையை அதற்கென அனுமதிபெற்ற தொழிலாளரிடமே ஒப்படைத்திருப்போம். அதிற் கைவைத்தல் துணிவாகாது.

வேலையைத் தாமே செய்துதரக் கூடியவர் ஒருவர் எமக்கு அறிமுகமானவராய் இருந்தார். அவர் எமது கல்லூரியிலே எமக்கு மூன்று வகுப்பு மேலே கற்றவர். தம் பெயரை எழுதவேண்டாமெனக் கேட்டுக்கொண்டமையால் 'அண்ணை' என்றே குறிக்கின்றோம். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், கனடா வந்த முதல் ஒன்பது ஆண்டுகள் ட்றைவோல் பூசும் வேலையே செய்து, ஊரிலிருந்த தங்கையர் இருவரைக் கரைசேர்த்தார். முதுகு வளையாதென்று அத்தொழிலை விட்டு இருபதாண்டுக்கு மேலாகிறது. தாம் ஏணியில் ஏறமாட்டாரென்றும், கீழே கதிரையில் இருந்து சொல்லித்தருவாரென்றும் உடன்பட்டார். அவர் முதலிற் சொன்ன சொல்லே இக்கட்டுரையின் சாரம்.

'தம்பி, நல்லாத் தேய்க்கிறவன் கெட்டிக்காரன் இல்லை. தேய்க்க மிச்சம் வையாமல் பூசுகிறவன்தான் கெட்டிக்காரன்.'

தூசியை அடக்குதல் தேய்க்கும்போது தொடங்குவதன்று, பூசும்போதே தொடங்குவது. களியைத் தடிப்பாக அப்பிவிட்டுப் பின்னர் தேய்த்துச் சமப்படுத்தலாம் என எண்ணுபவன், அப்பிய களியிற் பாதியைத் தூசியாக்கித் தன் வீட்டாருக்கே சுவாசிக்கக் கொடுக்கிறான். அண்ணை கற்பித்த முறை வருமாறு.

நனைந்த பலகையை மரச்சட்டத்தின் நடு வரை சதுரமாக வெட்டி அகற்றி, உள்ளிருந்த மரம் நன்கு உலரும்வரை பொறுத்தோம். புதிய பலகைத் துண்டை இடைவெளி மிகாது பொருத்தித் திருகாணியிட்டோம். திருகாணியின் தலை கடதாசியைக் கிழிக்காது சற்றே உள்ளமிழ்ந்து நிற்றல் வேண்டும். மூட்டுக்களின்மேல் மெல்லிய களி பூசி, அதிற் கடதாசி நாடாவைப் பதித்து, கத்தியால் அழுத்தி இழுத்து மிகுதிக் களியை வெளியேற்றினோம்.

பூச்சுக்களி இருவகைப்படும். பொடியாக வருவது நீருடன் இரசாயனமாகக் கூடி 20, 45, 90 நிமிடம் என்றவாறு குறித்த நேரத்தில் இறுகும், சுருங்காது, ஆனால் இறுகியபின் தேய்ப்பது கடினம். வாளியிற் குழைத்தபடி வருவது நீர் வற்றுவதனால் உலரும், சுருங்கும், தேய்ப்பது எளிது. ஆகவே அடிப்பூச்சுக்கு முன்னையதும், மேற்பூச்சுக்குப் பின்னையதும் ஏற்றவை. முதற் பூச்சுக்கு 6 அங்குலக் கத்தியும், அடுத்ததற்கு 10 அங்குலக் கத்தியும், கடைசிக்கு 12 அங்குலக் கத்தியும் கொண்டு, ஒவ்வொரு பூச்சையும் முன்னதினும் அகலமாகவும் மெல்லியதாகவும் ஓரத்தில் ஒன்றுமில்லையாகக் கரையும்படியாகவும் இழுத்தோம். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒருநாள் விட்டோம். உலர்ந்த பூச்சின்மேல் நிற்கும் வரம்புகளைத் தேய்க்காமல் கத்தியின் விளிம்பால் வழித்தெடுத்தோம். அவை துகளாகப் பறவாமல் செதிளாகக் கீழே விழுந்தன. ஒரு மின்விளக்கை உட்கூரையோடு ஒட்டிப் பக்கவாட்டிற் பிடித்தால், சிறு பள்ளமும் நிழலிட்டுக் காட்டும். நிழல் உள்ளவிடத்து மட்டும் மீண்டும் பூசினோம்.

இவ்வாறு செய்தபின் தேய்க்க எஞ்சியது ஓரங்களும் சில கீறல்களுமே. அவற்றிற் பெரும்பகுதியை ஈரக் கடற்பஞ்சினால் வட்டமாக உரசிக் கரைத்தோம். பஞ்சைப் பிழிந்து சற்றே ஈரமாகப் பிடித்தல் வேண்டும். மிக நனைத்தால் பலகையின் கடதாசி ஊறிக் கிளம்பும். ஈரத்தினால் தேய்க்கும்போது தூசியென்பதே எழாது. அழுக்கு வாளியிலேயே தங்கும். அந்நீரைக் கழுவுதொட்டியில் ஊற்றலாகாது. களி அடியில் உறைந்து குழாயை அடைக்கும். தெளியவிட்டு, அடியில் தங்கியதைக் குப்பையிற் சேர்த்தோம்.

அம்முறை எல்லாவிடத்தும் போதாது. ஈரப்பஞ்சு ஓரத்தைச் சிறிது அலையாக்கும். வர்ணம் தீட்டியபின் அது தோன்றும். ஆதலின் கடைசியாக ஒருமுறை மணற்கடதாசி வேண்டியதாயிற்று. 150ஆம் இலக்கமும், முடிவில் 220உம் பயன்படுத்தினோம். இலக்கம் கூடக் கூட மணல் நுண்ணியது. அத்தேய்ப்புக்கு முன் அறையை ஆயத்தஞ்செய்த வகையைச் சிறிது விரித்துக் கூறுவோம். வேலையின் பாதி அதுவே.

சித்திரை பிறந்து பனி கரைந்து, சன்னல் திறக்கக்கூடிய ஒருநாளைத் தெரிந்தோம். அம்மாவை அன்றும் மறுநாளும் தங்கை வீட்டில் விட்டோம். நோயாளரை மறு அறைக்கு அனுப்புதலினும் மறு வீட்டுக்கு அனுப்புதலே நன்று. சூடேற்றும் உலையை நிறுத்தி, அறையிலுள்ள காற்றுத் துவாரங்களைப் பிளாஸ்ரிக் தாளால் மூடி ஒட்டினோம். தளபாடங்களை வெளியேற்றினோம். வாயிலுக்குப் பிளாஸ்ரிக் திரையிட்டு, அடியில் ஈரத்துவாயை நீளமாக இட்டோம். புகை அறிவிக்கும் கருவி தூசியைப் புகையென்றெண்ணிக் கூவாதிருக்க உறையிட்டு, வேலை முடிந்தவுடன் அகற்ற மறவாதபடி உறையின் நாடாவைக் கதவுப்பிடியிலே கட்டினோம்.

பின்னர், ஒரு சன்னலில் விசிறியை வெளிமுகமாக வைத்தோம். அது காற்றை வெளியே தள்ள, வீட்டின் மற்றப் பகுதியிலிருந்து காற்று அறைக்குள் வருமேயன்றி, அறைத்தூசி வீட்டுக்குள் செல்லாது. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். எரிவாயுவால் நீர் சூடாக்கும் பழைய கலங்கள் உள்ள வீட்டில், விசிறி வலிதாக இழுத்தால் புகைபோக்கியாற் செல்லவேண்டிய நச்சுவாயு மீண்டு வீட்டுக்குள் வரலாம். அது மணமும் நிறமும் அற்றது, உயிரைக் கொள்ளும். ஆதலின் வேறோர் அறைச் சன்னலையும் சிறிது திறந்துவைத்து, காபன்மொனொட்சைட்டு அறிவிக்கும் கருவி தொழிற்படுகின்றதா எனவும் பார்த்துக்கொண்டோம்.

மணற்கடதாசியைப் பிடிக்கும் தட்டைத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயோடு இணைத்தோம். தூசி எழுந்தபின் பிடிப்பதினும், எழுகின்ற இடத்திலேயே பிடித்தல் எளிதென்பது வெளிப்படை. அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிறுவனமாகிய நையோஷ் 1999இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய உறிஞ்சு தேய்ப்பான்கள் தூசியை 80 முதல் 97 சதவீதம் வரை குறைத்தனவாகக் கூறியது. ஆனால் அவ்வியந்திரத்தில் நுண்தூசிக்குரிய பையும் வடியும் இருத்தல் வேண்டும். சாதாரண வடியாயின், முன்புறத்தால் உறிஞ்சிய தூசியின் நுண்பகுதியைப் பின்புறத்தால் ஊதிவிடும். 'ஹெப்பா' எனப்படும் வடி, 0.3 மைக்கிரோன் அளவான துகள்களிலும் 99.97 சதவீதத்தைத் தடுப்பது.

தேய்ப்பவனும் மூச்சுடையவன் என்பதை மறத்தலாகாது. மூக்கில் துணி கட்டுதல் பருந்தூசியை மட்டுமே தடுக்கும். 'என்95' எனும் கவசம், மிக எளிதில் ஊடுருவும் நுண்துகள்களிலும் குறைந்தது 95 சதவீதத்தை வடிக்குமாறு சோதிக்கப்பட்டது. ஆனால் அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினாலே அப்பயன். தாடி இருப்பின் ஓரத்தால் தூசி நுழையும். ஆதலின் நாம் தாடியை மழித்தோம். உட்கூரை வேலையாதலின் கண்ணுக்கும் கண்ணாடி அணிந்தோம். இத்தனை ஆயத்தத்தின்பின் உண்மையான தேய்ப்பு இருபத்தைந்து நிமிடமே நிகழ்ந்தது.

தேய்த்து முடிந்தவுடன் விளக்குமாற்றைத் தேடுவது பலர் பழக்கம். காய்ந்த விளக்குமாறு, விழுந்த தூசியை மீண்டும் மூச்சின் உயரத்துக்கு எழுப்பும் கருவியேயன்றி வேறன்று. விசிறியை ஓடவிட்டுக் கதவை மூடி வெளியேறினோம். உடுத்த உடையை வாயிலிலேயே களைந்து பையிலிட்டோம். மறுநாட் காலை மேலிருந்து கீழாக, முதலில் இயந்திரத்தாலும் பின் ஈரத்துணியாலும் துடைத்து, நீரை அடிக்கடி மாற்றினோம். பிளாஸ்ரிக் தாளை உட்புறமாகச் சுருட்டி அகற்றினோம். உலையின் வடியையும் புதிதாக மாற்றிய பின்னரே அதனை இயக்கினோம்.

இவற்றையெல்லாம் தொலைபேசியிற் கேட்ட அம்மா சிரித்தார். 'இதுக்கு இவ்வளவு படிப்போ? தண்ணி தெளியாமல் முற்றம் கூட்டினால் குப்பை முகத்திலைதான் விழும் எண்டு உங்கடை அம்மம்மா அப்பவே சொன்னவ' என்றார். உண்மையே. விடியற்காலையில் எம் தாய்மார் முற்றத்துக்கு நீர் தெளித்த பின்னரே விளக்குமாற்றைத் தொட்டனர். கொத்தனார் சாந்தை ஈரத்திலேயே மட்டஞ்செய்தார். ஆசிரியர் பலகையை ஈரத்துணியால் துடைத்தார். நையோஷ் அறிக்கையை அவர்கள் படித்தாரல்லர். ஆயினும், தூசியை எழவிட்டுப் பிடித்தலினும் எழாமற் காத்தலே அறிவு என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது.

இங்கு அண்ணையைப்பற்றி ஒன்று கூறாது விடின் இக்கட்டுரை நிறைவுறாது. அவர் தொழில் செய்த அந்த ஒன்பது ஆண்டுகளில், பெரும்பாலான நாள்களில் அவருக்கு முகக்கவசம் கொடுக்கப்படவில்லை. உறிஞ்சும் இயந்திரமும் இருக்கவில்லை. கேட்டவர்களுக்கு மறுநாள் வேலையும் இருக்கவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது தலையும் புருவமும் வெண்மையாய் இருக்க, முதியவர் ஒருவர் வருகிறாரென்று பிள்ளைகள் பகிடி செய்வார்களாம். இப்பொழுது அவருக்கு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதற்கு இதுதான் காரணமென்று மருத்துவர் எவரும் உறுதியாகச் சொல்லவில்லை என்பார். உடனே, 'அல்லவென்றும் சொல்லவில்லை' என்பார். எமது உட்கூரை வேலை நிகழ்ந்த நாள்களில், நாம் கவசத்தைச் சற்றுத் தளர்த்தினாலும் கதிரையிலிருந்து கடிந்துகொண்டார். அக்கடிதலில் இருந்தது கோபம் அன்று.

புலம்பெயர்ந்த எம்மவரின் வரலாற்றை எழுதுவோர் கோயில்களையும் கடைகளையும் பட்டங்களையும் எண்ணிச் சொல்வர். அவ்வீடுகளின் சுவரை மட்டமாக்கிய கைகளையும், அத்தூசியைச் சுவாசித்த நெஞ்சங்களையும் அவர்கள் எண்ணுதல் வேண்டும். எம் வீட்டுக்கு வேலையாளை அழைக்கும் நாமும், 'எவ்வளவு கேட்பாய், எப்போது முடிப்பாய்' என்ற இரண்டு வினாக்களோடு நிறுத்தாமல், 'தூசிக்கு என்ன செய்வாய், உனக்குக் கவசம் உண்டா' என்ற மற்றிரண்டையும் கேட்போமாக. அவ்வேற்பாட்டுக்கு ஒருநாட் கூலி கூடுமாயின், அதனைக் கொடுத்தல் தருமமன்று, கடன்.

தாயகத்தில் உள்ள மாணாக்கருக்கும் ஒரு சொல். சிமெந்துச் சுவருக்குப் புட்டி பூசித் தேய்க்கும்போதும் இவ்விதிகளே பொருந்தும்: மெல்லிதாகப் பூசுக, ஈரமாகத் துடைக்க, வாயிலை மறைக்க, முதியோரையும் குழந்தைகளையும் அகற்றுக. இலங்கையில் அஸ்பெஸ்ரோஸ் தகட்டுக் கூரைகள் இன்றும் எண்ணற்றவை. அவற்றைக் காயவைத்து வெட்டுதல், துளைத்தல், உரஞ்சுதல், உடைத்துக் கொட்டுதல் ஆகாது. உடையாது கிடக்கும் தகட்டினால் வரும் கேடு சிறிது. பொடியானால் அது பெரிது. விஞ்ஞான வகுப்பில் வெண்கட்டியைக் கையில் எடுக்கும்போது, அக்கனியத்தால் கட்டிய வீட்டில் எம்மவர் பல்லாயிரவர் உறங்குகின்றனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நூலறிவும் கையறிவும் இரு வேறு சாதியல்ல. பட்டதாரியாகிய அண்ணைக்கு ஜிப்சத்தின் இரசாயனம் தெரிந்திருந்தமையாலன்றோ எக்களி ஏன் இறுகும், ஏன் சுருங்கும் என்று எமக்கு விளக்க இயன்றது.

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது எம் நாட்டுப் பழமொழி. அங்கே சுவரென்று குறிக்கப்பட்டது உடம்பு. செங்கல்லும் ஜிப்சமும் கொண்ட சுவரைச் செப்பனிடப் புகுந்து, மூச்செனும் சுவரைப் பழுதாக்கிக்கொள்வது பேதைமை. எமது இருக்கையறை உட்கூரையில் இன்று பழுது இருந்த இடத்தைக் காட்டுமாறு கேட்டால் நாமே தேடித்தான் காட்டவேண்டும். அதனினும் எமக்கு மகிழ்வு தருவது, மூன்றாம் நாள் வீடு திரும்பிய அம்மா, அன்றிரவு ஊது மருந்தைத் தொடாமலே உறங்கியமையாம்.

எம் கல்லூரித் தாய் நீடு வாழ்க. அவள் சுவர்களுக்கு இவ்விழா ஆண்டில் வெள்ளையடிக்கும் கைகள் நோயின்றி வாழ்க. அவள் மடியில் இனிவரும் மாணாக்கர், ஏட்டிற் கற்றதைக் கையாலும், கையாற் கற்றதை ஏட்டாலும் தெளிந்து, தம் வீட்டாரும் தமக்கு உழைப்போரும் தூய காற்றைச் சுவாசிக்க வழிசெய்வாராக.